தகராறு இல்லை

லெபோ லைட், மூன்றாவது நீதிமன்றம், காலை பதினொன்று இருபது.
குளிர்சாதனம் என் கழுத்தில்தான் ஊதுகிறது.
வாதி ஒரு கடன் கம்பெனி.
பிரதிவாதி தனபாக்கியம், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி,
பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்.
கொழுந்தன் மகன் மோட்டார் வாங்கியபோது
ஜாமீன் நின்றார் என்கிறது ஒரு தாள்.
நடுவில் நான்,
அரசாங்கச் சம்பளம் வாங்கும் நாக்கு.

வழக்கறிஞர் கூ தாளை நீட்டிக் கேட்டார்:
இந்தக் கையெழுத்தை டிஸ்பியூட் செய்கிறீர்களா?

எனக்குக் கிடைப்பது இரண்டு விநாடி.

பழகிய சொல்தான்.
வெள்ளைச் சட்டை போட்டது, குரல் உயர்த்தாது.
மின்சார பில் கூடிப்போனால் வரும்.
கடல் நடுவே கிடக்கும் பாறைக்காக
இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டாலும் வரும்.
யாரையும் அடிக்காது.
வந்த தாளை ஒற்றை விரலால்
மேசையின் அந்தப் பக்கத்துக்கே தள்ளும், அவ்வளவுதான்.

தமிழில் தேடினேன்.
முதலில் ஊடல் வந்து நின்றது. போ, உனக்குக் கட்டில் வேண்டும்.
பிணக்குக்கு ஆறிப்போன காப்பியும்
முகம் பாராத அண்ணன் தம்பியும் வேண்டும்.
கருத்து வேறுபாடு துண்டும் மாலையுமாக
மேடையை விட்டு இறங்க மறுத்தது.
வழக்கு எனலாம்.
அதற்குள்தானே எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம்.
போதாததற்கு ஊரார் பேசும் பேச்சுக்கும் அதுவே பெயர்;
எந்தப் புண்ணியவான் இரண்டையும்
ஒரே ஆணியில் மாட்டினானோ.

விநாடி தீர்ந்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்தேன்.

"இந்தக் கையெழுத்துல ஏதாச்சும் தகராறு இருக்காம்மா?"

தகராறு.
அவர் இருக்கும் ப்ளாக்கில் அது
இரவு ரெண்டு மணி, உடையும் பாட்டில்,
கீழே சுழலும் போலீஸ் விளக்கு.
தனபாக்கியம் நிமிர்ந்தார்.
முப்பது வருஷமாக யார் வாசலிலும்
சத்தம் போட்டதில்லை என்பது
அந்த நிமிர்வில் இருந்தது.

"எனக்கு யார்கூடவும் தகராறு இல்லீங்க."

இல்லை என்கிறார், யாங் ஆரிஃப், என்றேன்.
நீதிபதியின் விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டியது.
கூ உட்கார்ந்தார்.
ஒரு மனிதர் அத்தனை நிம்மதியாக உட்கார்ந்து
நான் பார்த்ததே இல்லை.

இடைவேளை. படிக்கட்டில்
தே ஓ பையின் ஸ்ட்ராவைக் கடித்தபடி அவர் கேட்டார்:
"அந்தக் கையெழுத்து நான் போடலைன்னு
சொல்லத்தானம்மா வந்தேன்.
அத மட்டும் அவரு கேக்கவே இல்லியே.
மத்தியானம் கேப்பாரா?"

கடற்கரையிலிருந்து உப்புக் காற்று வந்தது.
குமாஸ்தா ஹஸ்னிஸாவிடம் போய்
மலாயில் எப்படி என்றேன்.
அதுவும் தடித்த சொல்தான் என்று சிரித்து
தன் நாசி கண்டாரில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.
இறங்கவில்லை.
நாக்கு அரசாங்கத்துடையது.
தொண்டை என்னுடையதாக இருந்தது.

இரண்டரை மணிக்குக் கை தூக்கினேன்.
பதினேழு வருஷத்தில் அந்த அறையில்
எனக்கென்று ஒரு வாக்கியம் பேசியதில்லை.
யாங் ஆரிஃப், காலையில் நான் சொன்ன மொழிபெயர்ப்பை
நானே டிஸ்பியூட் செய்கிறேன்.

நாற்காலி கிறீச்சிட கூ எழுந்தார்.
நீளமாகப் பேசினார், வேகமாக, சட்டப் பிரிவு எண்களோடு.
கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை
என் முழங்கையைத் தொட்டது.
"என்னம்மா சொல்றாரு?"
"நான் சொல்றத இல்லேங்கிறாரு."

"ஓ" என்றார் தனபாக்கியம்.
"அப்ப காலையில நானும்
அதத்தான சொல்லியிருக்கணும்?"